இவங்க பொண்ணு

காலை ஒன்பதரை மணிக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பதினோரு மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு, தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பள்ளியின் பெயரைக் கேட்டதும் அவள் தயங்கினாள்.

"என் மகள் அங்கேதான் படிக்கிறாள்" என்றாள்.

"உங்கள் மகளைப் பற்றிய சந்திப்பா?"

"இல்லை."

"பிறகென்ன? இன்னொருவர் பிரசவ விடுப்பில் இருக்கிறார். உங்களை விட்டால் ஆளில்லை."

பதினோரு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. பிழைக்க வந்த இடத்தின் மொழியைத் தட்டுத்தடுமாறிக் கற்று, பரீட்சை எழுதி, கழுத்தில் மாட்டும் அனுமதி அட்டையை வாங்கியவள். ஆஸ்பத்திரி, கோர்ட்டு, போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் பார்த்தாகிவிட்டது. உங்களுக்கு இன்னும் ஆறு மாதம்தான் என்று டாக்டர் சொன்னதை ஒரு கிழவரின் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லியிருக்கிறாள். சொன்னதைக் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள் என்று பெயர் எடுத்தவள்.

தலைமையாசிரியையின் அறையில் ஒரு வட்ட மேஜை, நான்கு நாற்காலி, நடுவில் ஒரு பெட்டி டிஷ்யூ காகிதம். ஜன்னலுக்கு வெளியே விளையாட்டு மைதானத்தின் இரைச்சல். தலைமையாசிரியை எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். எதிரே ஒரு தாயும் மகளும். தாய் ஒரு பேக்கரியில் அடுப்புப் பக்கம் வேலை பார்ப்பவள். விடிவதற்கு முன்னே வேலைக்குப் போய், அங்கிருந்து நேராக வந்திருந்தாள். செருப்பு விளிம்பில் மாவு காய்ந்து கிடந்தது. முன்கையில் சூடான தட்டுகள் இழுத்த தழும்புகள் ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. மகளுக்குப் பதின்மூன்று வயது. சட்டைக் கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தமிழ் ஆளு வராங்கன்னு சொன்னதுக்கப்புறம்தான்கா எனக்கு மூச்சே வந்துச்சு" என்றாள் பேக்கரிக்காரி.

அவள் சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் வாக்கியம் வாக்கியமாக மாற்றிக் கொடுத்தாள்.

"எங்க வீட்ல சாப்பிடுறதுக்கு முன்னாடி கண்ண மூடி ஜெபம் பண்ணுவோம். ரொம்ப நேரமெல்லாம் இல்ல, பத்து எண்ற நேரம். அந்தப் பத்து எண்றதுக்குள்ள இவ டப்பாவுல எதையாவது போட்டுடுறாங்க. பென்சில் சீவின தூளு, தலைமுடி, ஒருநாள் செத்த பூச்சி. கண்ணத் தொறந்தா எல்லாம் கையக் கூப்பிக்கிட்டு 'ஆமென்'னு கத்திச் சிரிக்குதுங்க. இப்ப இவளுக்குப் பேரே ஆமென்தான். வாத்தியாருங்க யாராவது இவ சொந்தப் பேர்ல கூப்பிட்டாக்கூட இவளுக்கே திரும்பிப் பாக்கத் தோணலையாம்."

தலைமையாசிரியை குறித்துக்கொண்டார். கெட்ட மனுஷி அல்ல. முந்நூறு பிள்ளைகள், இருபது மொழி, எத்தனையோ சாமி, எல்லாவற்றையும் ஒரே மணியடித்து ஓட்டிக்கொண்டிருப்பவர். "கண்ணை மூடாமல் பிரார்த்தனை செய்தால் என்ன?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

அதைத் தமிழில் கேட்டதும் பேக்கரிக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டு டப்பாவுக்குக் காவல் இருந்தா, அது ஜெபமாக்கா?"

பிறகு போன வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னாள். விளையாட்டுப் பீரியடில் இவள் வகுப்பும் பக்கத்து வகுப்பும் சேர்ந்துதான் போகும். மைதானத்து ஓரத்தில் பாய் அறை என்று ஒன்று உண்டு. உடற்பயிற்சிப் பாய்களை அடுக்கி வைக்கிற அறை. ஜன்னல் கிடையாது, விளக்கின் ஸ்விட்ச் வெளியே, தாழ்ப்பாளும் வெளியே. பாயை அடுக்கப் போன பெண்ணை உள்ளேயே வைத்துத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார்கள். "மண்டி போட்டு வேண்டிக்கோ. உன் சாமி வந்து தொறக்கட்டும்" என்று கதவுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் சொன்னது. விளக்கும் அணைந்தது. இரண்டேகால் மணி நேரம். துப்புரவுப் பெண் எதற்கோ வந்து திறந்தபோதுதான் வெளியே வந்தாள்.

"கத்தியிருக்கலாம்ல? கத்தல. கத்துனா அவங்க சிரிப்பாங்கன்னு கத்தலையாம்." பேக்கரிக்காரியின் குரல் இறங்கிவிட்டது. "பாவாடையிலயே ஒண்ணுக்குப் போயிட்டாக்கா. பதிமூணு வயசுப் பொண்ணு."

இதையும் மொழிபெயர்த்தாள்.

தலைமையாசிரியை அந்தப் பெண்ணின் பக்கம் சாய்ந்தார். "தாழ்ப்பாளைப் போட்டது யார்? இந்த அறையில் நீ எதைச் சொன்னாலும் பயப்பட வேண்டாம்."

கேள்வி தமிழில் வருவதற்கு முன்பே அந்தப் பெண்ணுக்குப் புரிந்திருந்தது. வந்ததிலிருந்தே அவள் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது மொழிபெயர்ப்பாளருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண் தாயின் காதோரம் குனிந்து, மேஜைக்கே கேட்கும்படி சொன்னாள்.

"இவங்க பொண்ணு."

"யாரு பொண்ணு?"

"இவங்க பொண்ணும்மா. ரிப்போர்ட் கார்டு வாங்க வந்தப்போ பாத்திருக்கேன். அவதான் தாழ்ப்பாள் போட்டா."

பேக்கரிக்காரி வாயைத் திறந்தபடி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தாள். தலைமையாசிரியையின் பேனா காகிதத்துக்கு மேலே காத்திருந்தது.

"என்ன சொல்கிறாள்?"

அறையில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் அடுத்த மொழிக்குப் போக வேண்டும். அட்டை வாங்கும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விதி அது. அவளும் சொல்லத்தான் வாயெடுத்தாள். காலையில் ஒற்றைச் சாக்ஸைத் தேடி வீட்டையே தலைகீழாக்கிவிட்டு, ரொட்டித் துண்டை வாயில் கவ்விக்கொண்டு ஓடிய மகள் கண்ணுக்குள் வந்தாள். வாயிலிருந்து வந்தது வேறு.

"இருட்டாக இருந்ததாம். யாரென்று பார்க்கவில்லையாம்."

பதினோரு வருடப் பழக்கம். குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

அந்தப் பெண் சடாரென்று நிமிர்ந்தாள். இந்தப் பள்ளிக்கு வந்து எட்டு மாதம். பேசத்தான் வரவில்லை, காதில் விழுவதெல்லாம் அவளுக்குப் புரியும். மொழிபெயர்ப்பாளர் காத்திருந்தாள். இதோ சொல்லப் போகிறாள், அரைகுறை மொழியிலாவது சொல்லிவிடுவாள். அவள் தாயின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

பெயர் தெரியாமல் யாரையும் தண்டிக்க முடியாது, விசாரிக்கிறேன் என்றார் தலைமையாசிரியை. அதுவரை பாதுகாப்புக்காக மதிய இடைவேளையில் அந்தப் பெண் நூலகத்தின் உள்ளறையில் உட்கார்ந்து சாப்பிடட்டும். பெயர் தெரியாது என்பதை மட்டும் விட்டுவிட்டு, மொழிபெயர்ப்பாளர் மிச்சத்தைத் தமிழில் சொன்னாள்.

வெளியே நடைவழியில் பேக்கரிக்காரி அவளை நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது. தழும்பேறிய இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பெத்த பொண்ணுன்னு தெரிஞ்சும் நீங்க மறைக்காம சொல்லிட்டீங்களே. நானா இருந்தா எனக்கு நாக்கு எழுந்திருக்குமான்னு தெரியல. இந்த ஊருக்கு வந்து எட்டு மாசத்துல மனுஷங்கன்னு நான் பாத்தது உங்களத்தான்."

அந்தப் பெண் ஒரு அடி தள்ளி நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மொழிபெயர்ப்பாளரால் கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை.

மகளை வீட்டில் தும்பி என்றுதான் கூப்பிடுவார்கள். ஓரிடத்தில் உட்காராத பிள்ளை என்று அப்பா வைத்த பெயர். சாயங்காலம் அவள் பையைச் சோபாவில் எறிந்ததுமே அம்மா கேட்டுவிட்டாள்.

"பாய் ரூம் தாழ்ப்பாள யாருடி போட்டது?"

தும்பி மழுப்பவில்லை. மழுப்பியிருந்தால் கொஞ்ச நேரமாவது சந்தேகத்தில் இருந்திருக்கலாம்.

"யாரு சொன்னா?"

"நீ போட்டியா இல்லையா?"

"கொஞ்ச நேரம் கழிச்சுத் தொறக்கலாம்னுதான் இருந்தோம். அப்புறம் மணியடிச்சுட்டாங்க. கிளாஸுக்குப் போயிட்டோம்."

"இரண்டேகால் மணி நேரம்டி."

"தெரியும்." தும்பி பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கணக்குப் பீரியடு முழுக்க அதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். எந்திரிச்சுப் போனா எங்க போறேன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்றது?"

"அந்தப் பொண்ணு உன்ன என்னடி பண்ணுச்சு?"

தும்பி ஷூவைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். பிறகு கொட்டிவிட்டாள். "வந்த முத நாளே எல்லாருக்கும் முன்னாடி என்கிட்ட வந்து தமிழ்ல பேசினா. நீயும் அவளும் ஒண்ணான்னு கேட்டாங்க. இல்லன்னேன், எங்க சாமி வேறன்னேன். யாரும் நம்பல. நீயும் வீட்ல அப்படித்தான் கண்ண மூடிப்பியா, கை தட்டுவியான்னு தினமும் கேட்டாங்க. என்னையும் சின்ன ஆமென்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. ஒருநாள் அப்பா பண்ற மாதிரி பண்ணிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அன்னியிலேர்ந்து என்னை யாரும் எதுவும் கேக்கல."

அப்பா பண்ணுகிற மாதிரி. கீழ்வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜெபக்கூட்டம் நடக்கும். பத்துப் பதினைந்து பேர், கைத்தட்டு, பாட்டு, அழுகை. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவன் நல்ல தமாஷ்காரர். கைத்தட்டு ஆரம்பித்ததும் சாப்பாட்டு மேஜையில் கண்ணை இறுக மூடி, கரண்டியைத் தூக்கிப் பிடித்து, அந்தப் பிரசங்கியின் குரலில் "இந்தச் சாம்பாரை ரட்சியும்" என்பார்.

"நீயுந்தானேம்மா சிரிப்ப?" என்றாள் தும்பி.

அந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் ஒருத்தி அந்தப் பேக்கரிக்காரியாகவே இருக்கலாம் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

கணவன் வேலையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி, புள்ளைங்க விளையாட்டு என்று ஆரம்பித்தவர், பாவாடை விஷயம் வந்ததும் நிறுத்திக்கொண்டார். அவளுடைய பொய்யைச் சொன்னபோது துணியைக் கீழே வைத்துவிட்டார்.

"சரி, சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்" என்றார் கடைசியில். "இப்பப் போய் மாத்திச் சொன்னா இவள ஸ்கூல விட்டு அனுப்பிடுவாங்க. உன் அட்டையும் போயிடும். பொய்யா மொழிபெயர்த்ததுக்கு கேஸ் போட்டாலும் போடுவாங்க. நீ வாயத் தொறக்காத. நான் இவளக் கண்டிச்சு வைக்கிறேன்."

"அந்தம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க."

"அதுக்கு என்ன பண்ண முடியும்?"

கேஸ், அட்டை, பள்ளிக்கூடம், அவர் அடுக்கியதில் ஒன்றுகூடத் தப்பில்லை.

கணவன் மகளைக் கண்டித்தார். ஒரு மாதம் போன் கிடையாது. தும்பி இனிமேல் அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று சத்தியம் செய்தாள், அதைக் காப்பாற்றவும் செய்தாள். ஆனால் அவள் ஆரம்பித்துவைத்தது அவள் இல்லாமலே ஓடியது. தாழ்ப்பாள் போட்ட கூட்டத்தில் தும்பியைத் தவிர இன்னும் இரண்டு பெண்கள். மூன்று பேருக்கும் மூன்று நாடு, மூன்று மதம். ஆமென்னைப் பார்த்துச் சிரிக்கிற நேரத்தில்தான் மூன்று பேரும் ஒரே சாதி சனம் மாதிரி இருந்தார்கள்.

"லைப்ரரி உள்ரூமுக்குக் கண்ணாடிக் கதவும்மா" என்று ஒருநாள் தும்பி தானாகவே சொன்னாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது. "அவ உள்ள உக்காந்து சாப்பிடுவா. இவங்க வெளிய நின்னு கண்ணாடியத் தட்டுவாங்க. அவ பாக்குறப்போ எல்லாரும் கையக் கூப்பிக்குவாங்க. மிருகக்காட்சிசாலைல பண்ற மாதிரி."

"நீ?"

"நான் அந்தப் பக்கம் போறதில்ல."

"போய் நிறுத்தச் சொல்லலாம்ல?"

தும்பி தாயை ஏறிட்டுப் பார்த்தாள். "நீ சொல்லலாம்ல?" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பேக்கரிக்காரி ஒருநாள் மொழிபெயர்ப்பாளரை சூப்பர் மார்க்கெட்டில் பிடித்தாள். கூடையில் இரண்டு சோப்பும் ஒரு பாக்கெட் பாலும். பார்த்ததும் முகம் மலர்ந்து, வரிசையை விட்டு வந்துவிட்டாள்.

"அக்கா, பதினஞ்சு நாளாச்சு. ஒண்ணுமே நடக்கலையே? உங்க பொண்ண..." என்று தொடங்கிவிட்டு, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கோங்க. உங்க மனசு என்ன பாடு படும்னு எனக்குத் தெரியாதா? நான் பழி வாங்கக் கேக்கல. அந்தப் பொண்ணு வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டாப் போதும். என் பொண்ணு வெளிய வந்து நாலு பேரோட உக்காந்து சாப்பிடுவா."

"விசாரிச்சுக்கிட்டு இருக்காங்க" என்றாள் மொழிபெயர்ப்பாளர். "இங்க எல்லாம் மெதுவாத்தான் நடக்கும்."

"நீங்க சொன்னா சரிதான்கா."

அன்று அவள் வாங்க வந்ததை வாங்காமலே திரும்பினாள். பேக்கரிக்காரி அவளைத் திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு தடவையும் நம்பினாள், அதுதான் தாங்கவில்லை.

மூன்றாவது வாரம் மறுபடி போன். அதே பள்ளி, அதே குடும்பம்.

"எனக்கு உடம்பு சரியில்லை" என்றாள்.

"பரவாயில்லை, வேறு ஊரிலிருந்து போனில் ஒருவரைப் பேச வைக்கிறோம்."

வேறு ஆள் என்றால் பேக்கரிக்காரியின் முதல் வாக்கியத்திலேயே எல்லாம் வெளியே வந்துவிடும். பொய்யைச் சொல்வதோடு முடிந்துவிடவில்லை. இனி ஒவ்வொரு தடவையும் கூடவே போய் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"வேண்டாம். நானே போகிறேன்" என்றாள்.

அதே வட்ட மேஜை. அந்தப் பெண் இளைத்திருந்தாள். தலைமையாசிரியை ஒரு காகிதத்தை நகர்த்தி வைத்தார். "எவ்வளவோ விசாரித்தும் யாரென்று தெரியவில்லை. இந்தச் சூழ்நிலையில் குழந்தை வேறு பள்ளிக்கு மாறுவது அவளுக்கு நல்லது என்று நினைக்கிறோம். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அம்மா இங்கே கையெழுத்துப் போட்டால் போதும்."

மொழிபெயர்ப்பாளர் அதில் பாதியைத்தான் சொன்னாள். யாரென்று தெரியவில்லை என்ற பாதியை விட்டுவிட்டாள். பேக்கரிக்காரி காகிதத்தைத் தொடவில்லை.

"தப்புப் பண்ண பொண்ணு இங்கயே இருக்கும், என் பொண்ணு ரெண்டு பஸ் மாறிப் போகணுமா? கேளுங்கக்கா. அன்னிக்கு இவ பேரைச் சொன்னா, நீங்களும் எடுத்துச் சொன்னீங்க. அதுக்கப்புறம் இந்த அம்மா என்ன கிழிச்சாங்க? உங்களச் சொல்லலக்கா, நீங்க தங்கமானவங்க. இவங்கதான் எதையோ மூடி மறைக்கிறாங்க. இத ஒரு வார்த்தை விடாம அப்படியே சொல்லுங்க."

தலைமையாசிரியை இவள் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். மைதானத்தில் ஏதோ ஆட்டத்துக்கு விசில் ஊதினார்கள். அந்தப் பெண் இன்றைக்கும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபமோ கெஞ்சலோ எதுவும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

வேறு எதையாவது சொல்ல முடியுமா என்று அவள் தேடித்தான் பார்த்தாள். பஸ் தூரம் என்கிறார், யோசிக்க நேரம் கேட்கிறார் என்று ஏதாவது. இரண்டு வாக்கியம் தயாராகக்கூட வந்தது. அவற்றைச் சொன்னால் கையெழுத்து விழும், அந்தப் பெண் போய்விடுவாள், யாருக்கும் எப்போதும் தெரிய வராது. அப்படி நினைத்ததுமே அந்தக் காகிதத்தைத் தலைமையாசிரியை பக்கமே திருப்பித் தள்ளினாள்.

அவள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. அறையில் அவள் 'நான்' என்று சொன்னால் அது பேசுகிறவரின் நான். தனக்காகப் பேச வேண்டி வந்தால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பதினோரு வருடத்தில் அவள் அதை ஜன்னலைச் சாத்தச் சொல்லவும் தண்ணீர் கேட்கவும்தான் பயன்படுத்தியிருந்தாள்.

"இனி பேசுவது மொழிபெயர்ப்பாளர்" என்றாள்.

தலைமையாசிரியை புருவத்தை உயர்த்தினார்.

"போன சந்திப்பில் நான் தவறாக மொழிபெயர்த்தேன். இருட்டாக இருந்தது என்று இந்தப் பெண் சொல்லவே இல்லை. தாழ்ப்பாளைப் போட்டவளைச் சொன்னாள். அது என் மகள். இந்த அம்மா நான் அதை உங்களிடம் சொல்லிவிட்டேன் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். நீங்கள்தான் மறைக்கிறீர்கள் என்று இப்போது சொல்கிறார்."

தலைமையாசிரியை பேனாவை மூடி வைத்தார். "இதை அவரிடமும் சொல்லுங்கள்" என்றார்.

அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பழகிய நாக்கு, தன்னுடையதைச் சொல்ல வார்த்தை கிடைக்காமல் தவித்தது.

"அன்னிக்கு உங்க பொண்ணு சொன்னத நான் சொல்லலம்மா. இருட்டுல யாருன்னு தெரியலன்னு சொல்றான்னு பொய் சொல்லிட்டேன். இவங்களுக்கு இப்பத்தான் தெரியும்."

பேக்கரிக்காரிக்கு உடனே பிடிபடவில்லை. அவள் முகத்தில் அந்த மரியாதைச் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. "எத சொல்லல?"

"என் பொண்ணுன்னு சொல்லல."

"அப்ப... நான் உங்க கையப் புடிச்சுக்கிட்டு நின்னேனே?"

"ஆமா."

"கடையில பாத்தப்போ?"

"ஆமாம்மா."

பேக்கரிக்காரி மகள் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமாடி?"

அந்தப் பெண் தலையாட்டினாள்.

"அப்புறம் ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ அன்னிக்கு சந்தோஷமா இருந்தம்மா" என்றாள் அவள்.

பேக்கரிக்காரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள். "இவங்கள வெளிய போகச் சொல்லுங்க."

"என்ன சொல்கிறார்?" என்றார் தலைமையாசிரியை.

"என்னை வெளியே அனுப்பச் சொல்கிறார்" என்று சொல்லிவிட்டு, அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் எழுந்து போனாள்.

தும்பிக்குப் பத்து நாள் பள்ளிக்கு வரக் கூடாது என்று உத்தரவு. மற்ற இரண்டு பேருக்கும் ஐந்தைந்து நாள். அட்டையை ஒரு வருடத்துக்கு முடக்கி விசாரணை வைத்தார்கள். கேஸ் எதுவும் வரவில்லை. அவள் ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். எட்டு மணி நேரம் யாரோடும் பேச வேண்டியதில்லை. முதல் வாரம் அது நிம்மதியாக இருந்தது, பிறகு அப்படி இல்லை.

"என்னக் காட்டிக் குடுத்துட்டல்ல?" என்று தும்பி அன்றே கேட்டாள்.

"ஆமா" என்றாள் அம்மா. வேறு எப்படிச் சொன்னாலும் அது பூசி மெழுகுவதாக இருந்திருக்கும்.

கணவன் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை கீழே கைத்தட்டு கேட்டபோது மூன்று பேரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள்.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்குப் போன தும்பியோடு அந்த இரண்டு பெண்களும் பேசவில்லை. அவள் அம்மாவால்தான் மாட்டிக்கொண்டோம் என்று அவர்களுக்கு ஆத்திரம். மதியம் தனியாகச் சாப்பிட்டாள். ஆமென் என்று கூப்பிட்டால் தண்டனை என்று ஆனதால் அந்தப் பெயர் பள்ளியில் ஒழிந்தது. தும்பிக்குத்தான் புதிதாக ஒரு பெயர் வந்திருந்தது, அதை அவள் வீட்டில் சொல்ல மறுத்துவிட்டாள்.

"வேற ஸ்கூலுக்கு மாத்திடுங்க" என்று கேட்டாள். அப்பாவுக்கும் அதுதான் எண்ணம்.

"அந்தப் பொண்ணு போகல" என்றாள் அம்மா. "நீயும் போகக் கூடாது."

"தண்டனையா?"

"தெரியல தும்பி. ஆனா ஓடிட்டா நீ எங்க போனாலும் முதல்ல ஒரு ஆளத் தேடுவ, அவ மேல ஏறி நிக்கிறதுக்கு."

தும்பி அழுதாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், சமாதானம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் தும்பி ஒரு கடிதம் எழுதி, நாலு தடவை கிழித்து, ஐந்தாவதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தப் பெண் அங்கேயே நின்று படித்தாள், மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள், போய்விட்டாள்.

"ரெண்டு திட்டு திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்" என்றாள் தும்பி.

அந்தப் பெண் இப்போது எல்லாரோடும் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். கண்ணை மூடுகிறாளா என்று ஒருநாள் அம்மா கேட்டாள். மூடுகிறாள், ஆனால் ஒரு கையை டப்பாவின் மேல் வைத்துக்கொண்டு மூடுகிறாள் என்று தும்பி சொன்னாள்.

அந்தப் பள்ளிக்குப் போகிற பஸ் ஒன்றே ஒன்றுதான். பேக்கரிக்காரி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, தினமும் மகளை நிறுத்தம்வரை கொண்டுவந்து விட ஆரம்பித்தாள். கிடங்குக்குப் போகும் வழியில் இவளும் தும்பியோடு அங்கேதான் நிற்க வேண்டும். கூரைக்குக் கீழே ஒரே ஒரு பெஞ்சு. அதில் யாரும் உட்காருவதில்லை. நாலு பேரும் இரண்டு முனையில் நின்றுகொண்டு ஒரே திசையைப் பார்ப்பார்கள். வேறு நிறுத்தத்துக்கு நடந்து போகலாம் என்று அவள் நினைத்ததுண்டு. அப்படிப் போகவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை பஸ் வரவே இல்லை. இரண்டு பெண்களும் நிமிஷத்துக்கு ஒரு தடவை தெருமுனையைப் பார்த்தார்கள். முதல் பீரியடு பரீட்சை. பேக்கரிக்காரி போனை எடுத்துப் பார்த்தாள். பஸ் நேரம் காட்டுகிற திரையில் எல்லாம் அந்த ஊர் மொழியில் இருந்தது. மகளிடம் நீட்டப் போனவள், மகள் குடைக்குள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, மழையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பஸ் இருக்கா இல்லையா?"

யாரிடம் கேட்கிறாள் என்று முதலில் புரியவில்லை. இவள் தன் போனை எடுத்துப் படித்தாள்.

"இருக்கு. பதினாலு நிமிஷம் லேட்டு."

பேக்கரிக்காரி தலையசைக்கவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, தண்ணீர் தெறிக்காத இடமாக மகளைக் கூரைக்கு உள்ளே தள்ளி நிற்க வைத்தாள்.